ஆண்டறிக்கையில் அம்மா எந்த வரியில்?

தொழிற்பேட்டையின் பின்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது அந்தக் காலனி. சுவருக்கு அந்தப் பக்கம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய உற்பத்தி நிறுவனம். இந்தப் பக்கம் நூற்றுச் சொச்சம் வீடுகள். காலை ஆறு மணி ஷிப்டுக்குக் காலனிப் பெண்கள் சோற்றுத் தூக்குடன் சுவரைச் சுற்றி நடந்து, பின் கேட் வழியாக உள்ளே போகிறார்கள். தரை கூட்டுவது, கழிவறை கழுவுவது, கேன்டீன் பாத்திரம் தேய்ப்பது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ந்த கசடை மூட்டை கட்டுவது. இதுதான் அவர்கள் வேலை. மெஷின் பக்கம் அவர்களை விடுவதில்லை.

அந்தக் காலனி மாணவி ஒருவர் நமக்குப் போன் செய்தார். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறார். ‘ஓர் உற்பத்தி நிறுவனத்தின் இ.எஸ்.ஜி. செயல்பாட்டை மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்து எழுதுக’ என்று புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் மற்றவர்கள் கார் கம்பெனி, சிமென்ட் கம்பெனி என்று எடுத்துக்கொள்ள, இவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனியையே எடுத்துக்கொண்டார். செல்போனில் ஆண்டறிக்கையை இறக்கி இரண்டு வாரம் படித்துவிட்டு நம்மிடம் அவர் கேட்டது இதுதான்: “சார், எங்கம்மா அங்க பதினாலு வருஷமா வேலை செய்றாங்க. இந்த புக்குல அவங்க எந்த வரியில இருக்காங்கன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல.”

அதற்குப் பதில் தேடித்தான் இந்த வாரம் நாமும் அந்த அறிக்கையைப் படித்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மாணவியின் அம்மாவுக்கு நாளைக்கும் அதே கேட்டில் வேலை இருக்க வேண்டும்.

மூன்று எழுத்து, ஒன்பது கொள்கை

இ.எஸ்.ஜி. என்பது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்ற மூன்றுக்குமான ஆங்கில முதலெழுத்துகள். ஒரு கம்பெனி எவ்வளவு லாபம் சம்பாதித்தது என்று மட்டும் பார்க்காமல், அந்த லாபத்துக்காக எவ்வளவு தண்ணீர் உறிஞ்சியது, தொழிலாளியை எப்படி நடத்தியது, யார் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள் என்றும் பார்ப்பது. முதலீடு செய்பவர்கள் கேட்டதால் வந்த ஏற்பாடு இது. நம் காலனிகளை நினைத்து யாரும் இதைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் பொதுவில் வைக்கப்படும் ஆவணம் என்பதால் நமக்கும் பயன்படும்.

இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2021 மே மாதம் இதற்கென ஒரு படிவத்தை வெளியிட்டது. ‘வணிகப் பொறுப்பு மற்றும் நீடித்தநிலை அறிக்கை’ என்று பெயர். சுருக்கமாக பி.ஆர்.எஸ்.ஆர். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும். மத்திய அரசு 2019-ல் வகுத்த ஒன்பது கொள்கைகளின் கீழ் கேள்விகள் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் ‘முதலீட்டாளர்’ பகுதியிலோ, பங்குச் சந்தைகளின் இணையதளத்திலோ யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கும், படிக்க அலுப்பாகவும் இருக்கும். முன்பக்கத்தில் சிரித்த முகத்துடன் பள்ளிப் பிள்ளைகள் படம் இருந்தால் அதைப் புரட்டிவிட்டு அட்டவணைகளுக்குப் போக வேண்டும். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அம்மாவைத் தேடி

முதல் பகுதியிலேயே ஆட்கணக்கு வருகிறது. ஊழியர், தொழிலாளி என்று இரண்டு பிரிவு. ஒவ்வொன்றிலும் நிரந்தரமானவர், நிரந்தரம் அல்லாதவர் என்று இரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை. அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கென்று இதே போல ஓர் அட்டவணை. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் ‘நிரந்தரம் அல்லாத தொழிலாளர்’ வரியில் வர வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கக் கம்பெனியின் அறிக்கையில் அந்த வரியில், பெண்கள் கட்டத்தில் 11 என்று போட்டிருந்தது. மாணவி தன் காலனியில் மட்டும் வீடு வீடாகப் போய் எண்ணினார். 23 பெண்கள். பக்கத்துக் கிராமங்களை அவர் எண்ணவில்லை.

மாணவியின் அம்மாவிடம் இதைச் சொன்னோம். அவருக்கு ஆச்சரியமில்லை. “நாங்க கம்பெனி கணக்குல வர மாட்டோம் சார். மேஸ்திரி கணக்குலதான் வருவோம். கேட் பாஸுலகூட கம்பெனி பேரு சின்னதா இருக்கும், கான்ட்ராக்ட்காரர் பேருதான் பெருசா இருக்கும்” என்றார். உங்களுக்குப் பி.எஃப். பிடிக்கிறார்களா அக்கா என்று கேட்டதற்கு, “பிடிக்கிறதா சொல்றாங்க. நம்பர் குடுத்தது இல்ல” என்றார்.

துப்புரவை ‘சேவை ஒப்பந்தம்’ என்று எழுதி, ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால், ஆட்கள் மறைந்து பில் மட்டும் மிஞ்சும். இந்தக் கம்பெனியில் அப்படித்தான் நடந்தது என்று நம்மால் சொல்ல முடியாது. 11-க்கும் 23-க்கும் இடையில் உள்ள 12 பேரை வேறு எந்த அட்டவணையிலும் நாம் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

எண்ணிக்கையில் விடுபட்டால் அதோடு முடிவதில்லை. பின்னால் வரும் கேள்விகள் எல்லாம் இந்த ஆட்கணக்கின் மீதுதான் நிற்கின்றன. எத்தனை பேருக்கு விபத்துக் காப்பீடு, எத்தனை பேருக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ., எத்தனை பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சி, குறைந்தபட்சக் கூலிக்கு மேல் வாங்குபவர் எத்தனை சதவீதம், எத்தனை விபத்து, எத்தனை மரணம் என்று படிவம் கேட்கிறது. கணக்கில் இல்லாதவருக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும் ‘100 சதவீதம்’ என்று எழுதிவிட முடியும்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்குவது யார் என்பது நமக்குத் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வேலையைத் தடைசெய்த சட்டம் வந்தது 2013-ல். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி இறுதியில் ஓர் இரவு, தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பட்டியலிடப்படாத சிறு ஆலைகளும், அவை சேர்ந்து நடத்தும் சுத்திகரிப்பு நிலையங்களும் இன்றும் பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்துக்கு வெளியேதான் நிற்கின்றன.

குறைந்தது எது?

தண்ணீர்க் கணக்கில் மாணவி கிட்டத்தட்ட ஏமாந்திருந்தார். ‘நீர்ச் செறிவு குறைந்தது’ என்று அறிக்கை சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். செறிவு என்றால் விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. உதாரணத்துக்கு, 100 கோடிக்கு விற்ற கம்பெனி 1,00,000 கிலோலிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 150 கோடிக்கு விற்று 1,30,000 கிலோலிட்டர் எடுத்தால், கோடிக்கு 1,000 கிலோலிட்டர் என்பது சுமார் 867 ஆகிவிடும். செறிவு 13 சதவீதம் குறைவு. காலனிப் போர்வெல்லுக்குச் செறிவு தெரியாது. அதற்குத் தெரிவது 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சியது மட்டுமே.

ஆகவே மொத்த அளவைப் பாருங்கள். படிவத்தில் நிலத்தடி நீர், ஆறு ஏரி நீர், வெளியாரிடம் வாங்கிய நீர், கடல்நீர் என்று தனித்தனியாக வரும். ‘வெளியாரிடம் வாங்கியது’ கூடியிருந்தால் அந்த டேங்கர் லாரி எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். வெளியேற்றும் நீர் எங்கே போகிறது, சுத்திகரித்தா, சுத்திகரிக்காமலா என்பதற்கும் அட்டவணை இருக்கிறது. பாலாற்றுப் படுகையில் வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, ‘மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக்கியது. அந்த வழக்கைத் தொடுத்தது உள்ளூர் மக்கள் அமைப்புதான்.

ஆமா, இல்லையா?

அடுத்தது நான்காவது கொள்கை. கம்பெனியின் செயலால் பாதிக்கப்படக்கூடிய தரப்புகளைப் பட்டியலிடச் சொல்கிறது படிவம். பங்குதாரர், வாடிக்கையாளர், ஊழியர், சுற்றுவட்டார மக்கள் என்று எழுதுவார்கள். பக்கத்தில் ஒரு சிறு கட்டம்: இந்தத் தரப்பு நலிந்த, விளிம்புநிலைப் பிரிவா? ஆம் அல்லது இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கக் கம்பெனி ‘சுற்றுவட்டார மக்கள்’ என்பதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. தன் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் காலனியை வைத்துக்கொண்டு! அதே அறிக்கையில் மக்கள் புகார் செய்ய வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டு ஓர் இணைய முகவரி கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தோம். ஆங்கிலத்தில் ஒரு படிவம், கட்டாயம் நிரப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரியுடன். ஆண்டு முழுக்க மக்களிடமிருந்து வந்த புகார்: 0.

ஐந்தாவது கொள்கை மனித உரிமை. பாலியல் துன்புறுத்தல், வேலையிடத்தில் பாகுபாடு, குழந்தைத் தொழிலாளர், கட்டாய உழைப்பு, கூலி என்று வரிசையாக எத்தனை புகார் வந்தன என்று கேட்கிறது. ‘பாகுபாடு’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் தான் சாதியும் அடங்க வேண்டும். தனியாகச் சாதி என்ற சொல் படிவத்தின் கட்டங்களில் இல்லை. பெண் எத்தனை, மாற்றுத்திறனாளி எத்தனை என்று எண்ணச் சொல்லும் செபி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. நலிந்த பிரிவினர் நடத்தும் நிறுவனங்களிடம் பொருள் வாங்குகிறீர்களா, உங்கள் சமூகப் பொறுப்புத் திட்டங்களின் பயனாளிகளில் நலிந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று எட்டாவது கொள்கையின் கீழ் இரண்டு நல்ல கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு விரும்பினால் பதில் சொல்லலாம். கட்டாயமில்லை.

எண்ண முடியாத விஷயமா இது? அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், எந்தப் பதவியில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று 1960-களிலிருந்து ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 2003-ல் வந்த சட்டத்தின்படி, கறுப்பினத்தவருக்கு உரிமையில், நிர்வாகத்தில், பயிற்சியில், கொள்முதலில் என்ன பங்கு கொடுத்தார்கள் என்று கம்பெனிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இங்கே 2006-ல் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது, தொழிலதிபர்கள் சங்கங்கள் ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று நடத்தை விதி எழுதிக்கொண்டன.

அதற்கு அடுத்த ஆண்டு, 2007-ல், சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு ஒன்றே, தகுதி ஒன்றே. பெயரில் மட்டும் சாதியும் மதமும் தெரியும். நேர்காணல் வரை அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67 என்று வந்தது. நேரில் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை.

மூன்றாவது எழுத்தான நிர்வாகத்துக்கு வருவோம். 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருந்த 9,000-க்கும் மேற்பட்டோரைச் சாதிவாரியாகப் பார்த்தது. ஏறத்தாழ 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம். பி.ஆர்.எஸ்.ஆர். வெளியிட வேண்டிய நிறுவனங்களும் 1,000 தான். இந்தக் கணக்கை அவை கொடுக்கத் தொடங்கினால், எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

திண்டுக்கல்லில் நடந்தது

அறிக்கையும் தணிக்கையும் காட்டாததைத் தொழிலாளர்களே வெளியே கொண்டுவந்த கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், உலகப் பெயர்பெற்ற பிராண்டுகளுக்கு ஆடை தைத்த ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவரது மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் இதைக் கையில் எடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் துணைநின்றன.

2022 ஏப்ரலில், ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்தது. ஹெச் அண்ட் எம், அதைத் தொடர்ந்து கேப், பி.வி.ஹெச். ஆகிய பிராண்டுகளும் கட்டுப்பட்டன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகம் முழுக்க அதைச் சொல்கிறார்கள். பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடைசெய்கிறது அது. 25 தொழிலாளிகளுக்கு ஒருவர் என்று தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. ஆலை மீறினால் ஆர்டரில் கை வைக்கும் பொறுப்பு பிராண்டுகளுக்கு உண்டு. முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குறைகள் பதிவாகி, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. அந்த ஆலையின் துணிக்கு 2022 ஜூலையில் தடை போட்ட அமெரிக்கச் சுங்கத் துறை, இந்த ஒப்பந்தத்தின் நடைமுறையைப் பார்த்துச் செப்டம்பரில் தடையை நீக்கியது.

குறைகள் நூறைத் தாண்டியதைக் கெட்ட செய்தியாக நாம் பார்க்கவில்லை. பயமில்லாமல் வாய் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். சுவருக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கும் ‘0’-ஐவிட அது நம்பத்தக்க எண்.

பெரிய கம்பெனிகள் தங்களுக்குப் பொருள் கொடுக்கும் சிறு ஆலைகளின் நிலையையும் வெளியிட வேண்டும் என்று செபி 2023-ல் சொன்னது. அது நடந்திருந்தால் இப்படிப்பட்ட ஆலைகள் பல வெளிச்சத்துக்கு வந்திருக்கும். பின்னர் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

கம்பெனி சொல்வதைச் சரிபார்க்க

அறிக்கை கம்பெனியே எழுதிக்கொள்வது. அதன் முக்கியப் பகுதியை வெளியார் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்ற விதி, முதல் 150 நிறுவனங்களில் 2023-24-ல் தொடங்கிப் படிப்படியாக விரிகிறது. நாம் சரிபார்க்கவும் வழி உண்டு. சுற்றுச்சூழல் பாதிக்கும் ஆலைகள் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் ‘படிவம் 5’ கொடுக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு என்று அதில் இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரம் கொடுக்க வேண்டும். வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு போட்டால் நகல் கேட்கலாம். அந்த எண்ணையும் ஆண்டறிக்கை எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விவரங்களைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது. மதிப்பெண்ணும் கிடைக்கும்.

நம் மாணவி புராஜெக்டை முடித்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் கம்பெனி செயலாளருக்கு நான்கு கேள்விகள் எழுதியிருக்கிறார். பின் கேட் வழியாக வரும் துப்புரவுப் பெண்கள் எந்த வரியில் எண்ணப்பட்டார்கள்? கசடு மூட்டை கட்டுபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தது எந்தத் தேதியில்? ‘சுற்றுவட்டார மக்கள்’ நலிந்த பிரிவு இல்லை என்று முடிவு செய்தது யார்? புகார்ப் படிவம் தமிழில் எப்போது வரும்? நான்காவது கேள்வியை எடுத்துவிடலாமா என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். இவர் எடுக்கவில்லை.

அதையே ஆங்கிலத்தில் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பியும் விட்டார். அனுப்பியவர் முகவரியில் காலனிப் பெயரையும் கதவு எண்ணையும் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டாராம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “காலேஜ் அட்ரஸ் போடு. ஆனா கேள்விய மாத்தாத” என்றிருக்கிறார். பத்து நாள் கழித்து ஒப்புகை அட்டை கம்பெனி முத்திரையோடு கல்லூரிக்குத் திரும்பி வந்தது. பதில் இன்னும் வரவில்லை. அட்டையைப் புராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.